அம்மாவின் தொய்வுக்கு ஜேர்மனிக் கடற்கரை உதவுமா?

கேள்வி: வட்டுக்கோட்டை மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. முப்பது வருடமாகத் தொய்வு (ஆஸ்துமா) வருத்தம். காலையும் மாலையும் மண்ணிற இன்ஹேலர் இழுக்கிறா. மூச்சு முட்டு வந்தால் நீல இன்ஹேலர். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் பனியும் தொடங்கினால் இரவில் படுக்கமாட்டா, தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே விடிய வைப்பா. போன மாரியில் மட்டும் இரண்டு தடவை பெரியாஸ்பத்திரியில் நெபுலைசர் போட வேண்டி வந்தது.

அண்ணா ஹம்பேர்க்கில் இருக்கிறார். அம்மாவுக்கு மூன்று மாத விசாவுக்கு எழுதுகிறார். அதில் மூன்று கிழமை பியூசும் என்ற கடற்கரை ஊரில் வீடெடுத்துத் தங்க வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அங்கே சுவாச வருத்தக்காரரை டொக்டர்மாரே அனுப்புகிறார்களாம். 'ஹைல்பாட்', அதாவது சுகம் தரும் நீராடும் ஊர் என்று அரசாங்கமே அங்கீகரித்த இடமாம். முந்தி அது ஒரு தீவாக இருந்ததாம், இப்போது தரையோடு சேர்ந்துவிட்டதாம்.

அம்மா கேட்கிறா: "கடல் பார்க்க நான் கடல் தாண்டிப் போக வேணுமே? பொன்னாலைப் பாலத்தைத் தாண்டினால் கசூரினாக் கடற்கரை." எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணா கஷ்டப்பட்டு உழைக்கிற காசு. அம்மாவுக்கு உண்மையில் சுகம் கிடைக்குமா? குளிரில் போய் முட்டுக் கூடினால் என்ன செய்வது? அந்த ஊரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.


பதில் 1: நொய்முன்ஸ்டர் அக்கா

தங்கச்சி, முதலில் காசுக் கதையை முடித்துவிடுகிறேன். ஜேர்மனியில் 'குர்' என்று சொல்லுகிற சிகிச்சைத் தங்கல் இங்கே காப்புறுதி உள்ளவர்களுக்குத்தான். குடும்ப டொக்டர் எழுதிக் கொடுக்க, நோய்க் காப்புறுதியோ ஓய்வூதியக் காப்புறுதியோ ஏற்றுக்கொண்டால் வழக்கமாக மூன்று கிழமை. நாங்கள் கட்டுவது ஒரு நாளைக்கு 10 யூரோ. நான் பிள்ளைகளோடு தாய்-பிள்ளை குர் ஒன்றுக்கு வடகடல் பக்கம் போனேன். அதுவும் நான்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் தருவார்கள்.

விசிட் விசாவில் வரும் அம்மாவுக்கு இது கிடையாது. விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்புறுதி (30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்) அவசர வைத்தியத்துக்கு மட்டும். முப்பது வருடப் பழைய வருத்தத்துக்கு என்ன தருவார்கள், என்ன தரமாட்டார்கள் என்பதை எடுக்கும் முன்னமே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அண்ணா செய்யக்கூடியது வாடகை வீடு எடுத்துக் காற்று வாங்க வைப்பது. அதோடு ஊர்க்காரருக்கு ஒவ்வொரு நாளும் விருந்தினர் வரி கட்ட வேண்டும், அது பெரிய காசில்லை. மூன்று கிழமை அதிகம் என்பது என் எண்ணம்.


பதில் 2: காரைநகர் சமையற்காரன்

பிள்ளை, உம்முடைய கேள்வியை நேற்று இரவு வாசித்தேன். விடிய எழும்பி இதை எழுதுகிறேன். பியூசுமில் ஒரு குர் இல்லத்தின் சமையலறையில் 19 வருடம் வேலை செய்தவன் நான். பிறந்தது காரைநகர், இப்போது திரும்பி வந்து இருப்பதும் காரைநகர். அதனால் உம்முடைய அம்மா கேட்ட கேள்வி எனக்கே கேட்டது போல இருந்தது.

1986இல் கிழக்கு பெர்லின் வழியாகப் போய் இறங்கிய ஆட்களில் நானும் ஒருவன். பிறகு வடக்கே டித்மார்ஷன் என்ற மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். ஹைடே என்ற ஊரில் அறை. அங்கிருந்து சின்ன ரயிலில் மேற்கே போனால் பாதை முடிகிற இடம் பியூசும். அந்தப் பாதை 1883இல் கடற்கரை வரைக்கும் வந்தது. நான் வேலை கேட்டு முதல் தடவை போனது ஒரு ஜனவரி மாதம். கடலைப் பார்ப்போம் என்று புல் முளைத்த அணையில் ஏறினேன். கடலைக் காணவில்லை. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சாம்பல் நிறச் சேறு. நடுவில் ஆறு போல வளைந்து வளைந்து ஓடுகிற வாய்க்கால்கள். தண்ணீர் வற்றினால் பொன்னாலைப் பாலத்தின் இரண்டு பக்கமும் தெரிகிற தரவையைப் பத்து மடங்கு, நூறு மடங்கு பெருப்பித்தது போல. ஆறு மணித்தியாலம் கழித்து அதே இடத்தில் அலை அடித்தது. எங்களுடைய கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் முழங்கால் அளவு வித்தியாசம்தானே. அங்கே மூன்று மீட்டருக்கு மேல்.

சமையலறையில் என்னோடு பாத்திரம் கழுவிய ஒரு வயதான மனுசி அந்த ஊரிலேயே பிறந்தவ. அவதான் சொன்னா, இந்த இடம் 1585 வரைக்கும் தீவு என்று. அந்த வருடம் அணை கட்டித் தரையோடு சேர்த்தார்கள். சேர்த்தது என்றால் பாலம் போட்டது அல்ல. சேற்றிலிருந்து நிலத்தை எடுத்தது. அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்காகப் புயல் வெள்ளம் தீவின் தெற்குப் பக்கத்தை அரித்துக் கிராமங்களைக் கொண்டு போயிருக்கிறது. வடக்குப் பக்கம் சேறு படிந்து வளர்ந்திருக்கிறது. தீவு தானே மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தது போல. "எங்கள் ஊரும் அப்படித்தான், பெயரே காரைதீவு, பிறகுதான் காரைநகர் ஆயிற்று" என்றேன். தீவு என்றால் என்ன என்று கேட்டு, சொன்னதும், அந்தச் சொல்லைத் தன் வாயால் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தா. அன்றைக்குப் பிறகு என்னை ஊர்க்காரனாகத்தான் நடத்தினா.

நிலம் எடுக்கிற விதத்தைப் பார்த்தபோது எனக்குக் களங்கண்டி, அதுதான் எங்கள் கடலில் தடி நட்டு மீன் பிடிக்கிற அடைப்பு, ஞாபகம் வந்தது. ஆழமில்லாத சேற்றில் இரண்டு வரிசையாகக் கட்டை இறுக்கி, நடுவில் சுள்ளி விறகை அடைந்து கட்டுவார்கள். பெருக்கு வரும்போது தண்ணீர் உள்ளே வரும். போகும்போது வேகம் குறைந்து சேற்றை விட்டுவிட்டுப் போகும். வருடக் கணக்கில் நிலம் உயரும். முதலில் முளைப்பது எங்கள் உமரி இனத்துப் பூண்டு. அப்புறம் புல். அப்புறம் அணை கட்டி உள்ளே அடைத்துவிடுவார்கள். அப்படி அடைத்த நிலத்தைக் 'கோக்' என்பார்கள். மழைத் தண்ணீர் சில வருடத்தில் உப்பைக் கழுவிவிடும். இன்றைக்கு அந்த நிலத்தில் கோவா (முட்டைக்கோஸ்) விளைகிற விளைச்சலை நீர் பார்க்க வேண்டும். ரயிலின் இரண்டு பக்கமும் கோவாதான். செப்டெம்பரில் அதற்குத் திருவிழாவே வைப்பார்கள். தொண்டைமானாற்றிலும் அராலியிலும் உவர்நீர் தடுக்க அணை கட்டிய எங்களுக்கு இது விளங்காத கதை அல்ல. அவர்கள் நானூறு வருடத்துக்கு மேல் விடாமல் செய்கிறார்கள், அணைக் கதவு பழுதானால் அடுத்த மழைக்கு முன்னம் திருத்துகிறார்கள். இதைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. எங்கள் கிணறுகள் உவராவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சரி, சுகத்துக்கு வருகிறேன்.

1837இலேயே பியூசும் கடல் நீராடும் ஊராகிவிட்டது. மணல் கரை என்று நினைக்காதீர். அணையின் கடல் பக்கச் சரிவு முழுக்கப் புல். அந்தப் புல்லில் வரிசையாகப் பிரம்புக் கதிரைகள். எங்கள் பெரிய கடகத்தைச் சரித்து வைத்து அதற்குள் இரண்டு பேர் இருப்பதை நினைத்துப் பாரும், அதுதான். காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தால் உள்ளே சூடு. மணல் வேண்டிய பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தில் மணல் கொட்டிக் குடா ஒன்று செய்திருக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சவீடு, பக்கத்தில் துறைமுகம். வள்ளங்கள் கூனி போன்ற சின்ன றாலைக் கடலிலேயே, கடல் தண்ணீரிலேயே அவித்துக்கொண்டு வரும். அதைக் கையால் உரித்துப் பாணுக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். (கடைக்குப் போகிற றாலில் பெரும்பங்கு உரிப்பதற்காக மொரோக்கோ வரைக்கும் லொறியில் போய்த் திரும்பி வருகிறது. முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை.)

குர் ஆட்கள் ஒரே நாளில் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். முதல் நாள் டொக்டர் பார்ப்பார். ஒவ்வொருவர் கையிலும் நேர அட்டவணை கொடுப்பார்கள். விடிய மூச்சுப் பயிற்சி, அணையில் நடை, உப்புத் தண்ணீர்ப் புகை நிரம்பிய அறையில் இருத்தல், சிலருக்கு அந்தக் கடற்சேற்றைச் சூடாக்கி முதுகில் போடுதல், மத்தியானம் கட்டாய ஓய்வு. நாங்கள் சமைப்பதும் அட்டவணைப்படிதான். உப்புக் குறைத்தவருக்கு ஒரு தட்டம், சீனி உள்ளவருக்கு ஒரு தட்டம். ஒரு லொறிச் சாரதி வந்தார், சுரங்கத் தொழிற்சாலைகள் உள்ள பக்கத்து ஆள். அணைப் படியில் ஏற நான்கு தடவை நின்று மூச்சு வாங்கினார். எங்கள் ஜன்னலுக்கு நேரேதான் படி, அதனால் ஒவ்வொரு நாளும் கண்டோம். இரண்டாம் கிழமை இரண்டு தடவை நின்றார். கடைசி ஞாயிறு ஒரே மூச்சில் ஏறி, துறைமுகம் வரைக்கும் போய்த் திரும்பி, எங்கள் ஜன்னலைத் தட்டி, றால் பாண் கேட்டார். அவருடைய அட்டவணையில் அது இல்லை. கொடுத்தோம்.

அவருக்குச் சுகம் கொடுத்தது எது? டொக்டர்மார் 'ரைட்ஸ்கிளீமா' என்பார்கள், உடம்பைத் தட்டி எழுப்புகிற காலநிலை. குளிர்ந்த காற்று, அலை அடிக்கும்போது தெறிக்கிற உப்புத் துகள், மேற்கிலிருந்து கடல் மேலாக வருவதால் பூந்தூசி குறைவு, புகை குறைவு. இதெல்லாம் உண்மை. ஆனால் 19 வருடம் தட்டம் எடுத்துக் கொடுத்தவன் என்ற அளவில் நான் கண்டது வேறு. மூன்று கிழமை அந்த மனிதன் சிகரெட்டைத் தொடவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டார், நேரத்துக்குப் படுத்தார். ஒவ்வொரு நாளும் நடந்தார். இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று ஒரு ஆள் பக்கத்தில் இருந்து சரியாகப் பழக்கினார். கடல் அதற்கு ஒரு இடத்தைக் கொடுத்தது. மற்றதை மனிதர்தான் செய்தார்கள்.

உம்முடைய அம்மா குர் ஆளாகப் போகவில்லை. வாடகை வீட்டில் அண்ணா வேலைக்குப் போக, தனியே மூன்று கிழமை, மொழியும் தெரியாமல். அது சுகம் அல்ல, தனிமை. ஒரு கிழமை, கூடினால் பத்து நாள், அண்ணா லீவு எடுத்துப் பக்கத்தில் இருந்தால் மட்டும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வற்றின சேற்றில் வழிகாட்டி இல்லாமல் தூரம் போகக்கூடாது. பெருக்கு முன்னால் வராது, வாய்க்கால்கள் வழியாக முதுகுக்குப் பின்னால் வந்து மறிக்கும்.

இன்னொன்றையும் எழுதத்தான் விடிய எழும்பினேன். என்னுடைய அம்மாவும் தொய்வுக்காரி. 1991இல் காரைநகரை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது மானிப்பாயில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தா. பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய்க்கே வரிசை, மருந்துக்குச் சொல்லத் தேவையில்லை. நான் அங்கே அந்நிய அம்மாமாருக்கு அட்டவணை பார்த்து உப்பில்லாத சூப் வைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் வர மாதக் கணக்கு. "இரவில் கொஞ்சம் இழுக்குது, மற்றபடி சுகம்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே வரி. என்னிடம் அப்போது நிரந்தர விசா இல்லை, கூப்பிட வழி இல்லை. 1999இல் போய்ச் சேர்ந்துவிட்டா. அந்த அணையில் ஒரு பிரம்புக் கதிரை, துறைமுகத்துக்குக் கிட்ட, வேலை முடிந்து நான் வழக்கமாக இருக்கிறது. இரண்டு பேர் இருக்கிற கதிரை அது.

உம்முடைய அண்ணாவின் ஆசையை நான் அறிவேன். தொய்வு மாறும் என்று நினைத்து அனுப்ப வேண்டாம். ஆனால் அனுப்பும்.


பதில் 3: ஓய்வுபெற்ற தாதி, கோண்டாவில்

மேலே எழுதிய அண்ணையின் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நான் மருந்துப் பக்கத்தை மட்டும் சொல்லுகிறேன்.

பிள்ளை, மண்ணிற இன்ஹேலர்தான் அம்மாவின் காவல். கடற்காற்று நல்லது என்று ஒரு நாள் கூட அதை நிறுத்தக்கூடாது. நீலம் ஆபத்துக்கு உதவும், நோயை அடக்காது. பயணத்துக்கு ஆறு கிழமைக்கு முன் கிளினிக்கில் காட்டி, இழுக்கிற முறை சரியா என்று பாருங்கள். வயதானவர்களில் நிறையப் பேர் மருந்தைத் தொண்டையில்தான் விடுகிறார்கள், நெஞ்சுக்குப் போவதில்லை. ஸ்பேசர் குழாய் வைத்து இழுத்தால் வித்தியாசம் தெரியும். இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

டொக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள். மருந்தின் கடைப்பெயர் அல்ல, உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் அளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டு செட் கொண்டு போகட்டும், ஒன்று கைப்பையில். பெட்டியில் போட்ட மருந்து வேறு நாட்டுக்குப் போய்விட்டால் விமானத்தில் என்ன செய்வது?

குளிர்காற்றும் முட்டைக் கொண்டுவரும், அது உண்மை. சால்வையால் மூக்கையும் வாயையும் மூடி, மூக்கால் மூச்செடுத்து மெல்ல நடக்க வேண்டும். வெளியே இறங்க முன் நீலம் இழுக்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

திரும்பி வந்த பிறகு வீட்டைப் பாருங்கள். விறகடுப்புப் புகை, நுளம்புத்திரி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, பழைய பஞ்சுத் தலையணை. பியூசுமில் பத்து நாள் நல்ல காற்று வாங்கிவிட்டு இந்தக் குசினிக்குள் வந்து நின்றால் என்ன பயன்? எத்தனையோ அம்மாமார் வார்ட்டில் சுகமாகி வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடலும் சுகமும் எங்களுக்குப் புதிதில்லை என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். குதிரைமுகம் நீங்கக் கீரிமலையில் நீராடிய மாருதப்புரவீகவல்லியின் கதையைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். அந்த முகம் போன இடம் என்றுதான் மாவிட்டபுரத்துக்கே பெயர் சொல்லுகிறார்கள். அலை அடிக்கிற கரையிலேயே நன்னீர் ஊறுகிற கேணி. சுண்ணக்கல்லுக்குள்ளால் மழைத் தண்ணீர் ஓடி வந்து அங்கே வெளியே வருகிறது.


பதில் 4: களபூமிப் பெடியன்

நானும் காரைநகர். சமையற்கார அண்ணை எழுதியதற்கு நன்றி. ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கசூரினாவில் கடல் தூரம் வரைக்கும் ஆழமில்லை, அலை இல்லை, சவுக்கு நிழல் இருக்கிறது. வயதானவர்கள் கால் நனைக்க இதைவிடப் பாதுகாப்பான கடல் எங்கே? குறை கடலில் இல்லை. தடி ஊன்றி நடக்கிற ஒரு அம்மா மணலைத் தாண்டித் தண்ணீருக்குப் போக வழி இல்லை. குடிக்கிற தண்ணீரைக் கூட ஊருக்குள் பவுசரில் எதிர்பார்க்கிறோம். அண்ணை, அங்கே வயதானவர்கள் எப்படிக் கடலுக்கு இறங்குகிறார்கள்?


பதில் 5: காரைநகர் சமையற்காரன்

தம்பி, புல்லணையில் குறுக்கே சரிவாகச் சீமெந்துப் பாதை. படியும் இருக்கும், பாதையும் இருக்கும். சக்கர நாற்காலியும் பிள்ளை வண்டியும் ஒரே பாதையால் போகும். கீழே இறங்கினால் தண்ணீருக்குள் போகிற படிக்குக் கைபிடிக் கம்பி. அணை மேலே கொஞ்சத் தூரத்துக்கு ஒரு வாங்கில். எப்போதும் ஏன் இவ்வளவு வாங்கில் என்று யோசித்திருக்கிறேன். பிறகுதான் விளங்கியது. அடுத்த வாங்கில் கண்ணுக்குத் தெரிந்தால்தான் மூச்சு முட்டுகிற ஆள் எழும்பி நடப்பார்.

இதற்கு ஜேர்மனிக் காசு தேவையில்லை. சவுக்கு நிழலில் வீதியிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரு பலகைப் பாதை, நான்கு வாங்கில், சுத்தமான ஒரு கழிவறை, குடிக்க ஒரு தாங்கி. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மனம் நிறைந்து கொடுப்பவர்கள். முறையாக அனுமதி எடுத்துக் கேட்டால் இதற்கும் கொடுப்பார்கள். நான் ஒரு வாங்கிலுக்குக் காசு தருகிறேன். நீர் எழுதும் கடிதத்தில் முதல் கையெழுத்தும் என்னுடையது.


பதில் 6: வட்டுக்கோட்டை மகள்

அக்கா, அண்ணை, தம்பி, எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சமையற்கார அண்ணையின் அம்மா மானிப்பாய் விறாந்தையில் இருந்த இடம் வந்ததும் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டா. கொஞ்ச நேரம் கழித்து, "தம்பிக்கு எழுது, நான் போறன் எண்டு" என்றா.

அண்ணாவோடும் கதைத்தேன். மூன்று கிழமை இல்லை, ஒன்பது நாள். அவர் லீவு எடுப்பார். கோண்டாவில் அக்கா சொன்னபடி கிளினிக்கில் இழுக்கிற முறையைக் காட்டினோம். இத்தனை வருடமும் மூச்சை உள்ளே எடுக்கிறதுக்கு முதலே அமத்தியிருக்கிறா. அடுப்புக்கு நேரே ஜன்னல் ஒன்று போடக் கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது.

ஓகஸ்டில் போகலாம் என்று அண்ணா சொன்னார், அப்போதுதான் கடல் சூடாம். ஆனால் ஆடி அமாவாசைக்கு அம்மா கீரிமலையில் நிற்க வேண்டும். தாத்தாவுக்காக ஒரு வருடமும் விடாமல் பிடிக்கிற விரதம். அதனால் ஜூன் நடுப்பகுதியில் போய், ஜூலை முதல் கிழமை திரும்புவது என்று முடிவு. ஜூனில் அங்கே எப்படி இருக்கும் அண்ணை? அம்மா இன்னொன்றும் கேட்கச் சொன்னா. வீட்டுக்குள் சின்ன விளக்குக் கொளுத்தலாமா?


பதில் 7: காரைநகர் சமையற்காரன்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்.

ஜூன் நல்ல மாதம். கடலில் குளிக்க முடியாது, கால் நனைக்கலாம். பள்ளி விடுமுறை தொடங்காததால் சனம் குறைவு, பிரம்புக் கதிரை லேசாகக் கிடைக்கும். வாடகைக்கு எடுக்கும்போது துறைமுகப் பக்கத்தைக் கேட்கச் சொல்லும், வள்ளம் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஸ்வெட்டர், காதை மூடுகிற தொப்பி, காற்றுப் புகாத ஜாக்கெட். மூன்றும் ஜூனிலும் வேண்டும். வெள்ளிக்கிழமையில் மச்சம் சாப்பிடாதவ என்றால் சமைக்கிற வசதி உள்ள வீடாக எடுக்கட்டும். கோவாச் சுண்டலுக்குக் குறைவே வராது.

விளக்குக் கொளுத்தலாம். வாடகை வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கண்ணாடிக்குள் வைத்து, புகைமணிக்குத் தள்ளி. திரி சின்னதாக இருக்கட்டும், அம்மாவின் நெஞ்சுக்கும் அதுதான் நல்லது. நேரத்தை மட்டும் முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் அங்கே பொழுதுபட இரவு பத்து மணியாகும்.